கதிரும் கையும்

மனிதன் பயிரிடும் தானியங்களுள், மனிதன் கைவிட்டால் சில ஆண்டுகளிலேயே அழிந்துபோகக் கூடியது மக்காச்சோளம். காட்டுப் புல் முற்றியதும் தன் விதையைத் தானே உதிர்க்கும். காற்றும் பறவையும் அதைப் பரப்பும். மக்காச்சோளமோ நூற்றுக்கணக்கான மணிகளை ஒரே சக்கையில் வரிசை வரிசையாகப் பதித்து, அவற்றின்மேல் மட்டைகளை இறுகப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அக்கதிர் அப்படியே மண்ணில் விழுந்தால், மணிகள் யாவும் ஓரிடத்தில் முளைத்து, ஒன்றையொன்று நெருக்கி மடியும். மட்டையை உரிக்கவும், மணியை உதிர்க்கவும், இடம்விட்டு ஊன்றவும் ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கும் கதிருக்கும் இடையே நிலவிய உறவின் வரலாறு, பயிர்த்தொழில் வரலாற்றில் மட்டுமன்றிப் பாட்டின் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கதாகும்.

தென் மெக்சிகோவில் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன், தியோசின்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவாயிற்று என்பது ஆய்வாளர் முடிபு. தியோசின்டேயின் கதிரில் ஐந்து முதல் பன்னிரண்டு மணிகளே இருக்கும். ஒவ்வொரு மணியும் கல் போன்ற ஓட்டுக்குள் கிடக்கும். அதனின்று இன்றைய கதிரை வடித்தவை, தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைத் தேர்ந்தெடுத்து விதைக்கென எடுத்துவைத்த பெயர் தெரியாத கைகள். 1492ஆம் ஆண்டுக்குப் பின் ஐரோப்பியர் வழியாக அப்பயிர் உலகெங்கும் பரவியது. தமிழர் அதனைத் தாம் முன்னரே அறிந்திருந்த சோளத்தின் பெயராலேயே அழைத்து, 'மக்கா' என்னும் அடையை முன்னே சேர்த்துக்கொண்டனர்.

ஒன்பதாயிரம் ஆண்டுகள் நீடித்த இவ்வுறவு, அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களாகிய அயோவா, இல்லினாய்ஸ், இந்தியானா, ஒகையோ, நெப்ராஸ்கா ஆகியவற்றில் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்திற்குள் முடிவுக்கு வந்தது. 1920களில் அங்கு விளைந்த கதிர்களுள் பெரும்பாலானவற்றை ஏதோ ஒரு மனிதக் கை தொட்டிருந்தது. 1970களில், வயலிலிருந்து களஞ்சியம் சேரும்வரை எந்தக் கையும் தொடாத மணிகளே பெரும்பான்மையாயின. இடைப்பட்ட அந்த அரை நூற்றாண்டில் வயலில் ஓடிய பொறிகள் இன்று பழம்பொருள்கள். அவை எவற்றை விடுவித்தன, எவற்றை எடுத்துக்கொண்டன என்பதை இரண்டு பக்கமும் பார்த்தே சொல்ல வேண்டும்.

சிவப்புக் கதிரும் குவியலின் உச்சியும்

ஐரோப்பியக் குடியேறிகள் வடகிழக்குக் கடற்கரையில் மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொண்டது அந்நிலத்தின் தொல்குடிகளிடமிருந்து. மட்டையைக் கிழிப்பதற்கு மரத்தாலோ எலும்பாலோ செய்த கூர்முனைக் குச்சியை விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்ளும் முறையையும் அவர்களிடமிருந்தே பெற்றனர். அறுவடை முடிந்ததும் கதிர்களைக் களஞ்சியத்தில் குவித்து, அக்கம்பக்கத்தாரை அழைத்து, ஒரே இரவில் மட்டை உரித்து முடிப்பது வழக்கமாயிற்று. வேலையின் முடிவில் விருந்தும் ஆடலும் உண்டு. மஞ்சள் கதிர்களுக்கிடையே சிவப்புக் கதிர் ஒன்று கிடைக்கப்பெற்ற இளைஞன், தான் விரும்பிய பெண்ணை முத்தமிடும் உரிமை பெற்றான்.

இவ்வழக்கம் அமெரிக்கக் கவிதையில் வெகு முன்னதாகவே இடம்பெற்றுவிட்டது. கனெக்டிகட்டில் பிறந்த ஜோயல் பார்லோ, 1793இல் ஐரோப்பாவின் சவாய்ப் பகுதியில் தங்கியிருந்தபோது, தன் ஊர் மக்காச்சோளக் கூழை அங்கே எதிர்பாராமல் உண்ண நேர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் அவர் கூழைப் பற்றியே ஒரு நெடும்பாடல் இயற்றினார். 1796இல் அச்சேறிய அப்பாடலில் மட்டை உரிக்கும் இரவும் சிவப்புக் கதிரின் சட்டமும் விரிவாகப் பேசப்படுகின்றன. அரை நூற்றாண்டு கழித்து ஜான் கிரீன்லீஃப் விட்டியர் என்னும் கவிஞர், 1850இல் வெளியிட்ட 'உழைப்பின் பாடல்கள்' என்ற தொகுதியில், மட்டை உரிப்போர்க்கெனவும் ஒரு பாடலைச் சேர்த்தார்.

அதே பயிருக்குத் தெற்கே வேறொரு பாட்டு இருந்தது. அடிமைமுறை நிலவிய தென்மாநிலங்களில் பண்ணை முதலாளிகள், கதிர்களை வீட்டு உயரத்துக்குக் குவித்து, அண்டைப் பண்ணைகளின் அடிமைகளையும் வரவழைத்து, இரவில் மட்டை உரிக்கச் செய்தனர். குவியல் இரண்டாகப் பகுக்கப்படும். இரு அணிகள் போட்டியிடும். நல்ல குரல்வளம் உள்ள ஒருவர் குவியலின் உச்சியில் ஏறி நின்று அடி எடுத்துக் கொடுப்பார். கீழே இருப்போர் ஒருமித்து மறுமொழி பாடுவர். கைகள் அத்தாளத்திற்கேற்ப இயங்கும். உலக்கை போடும் பெண்கள் பாடிய வள்ளைப்பாட்டை அறிந்த தமிழ் வாசகர்க்கு, பாட்டு எவ்வாறு வேலையின் வேகத்தைத் தாங்குகிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே பாடியவர்க்கு உரித்த கதிரில் உரிமையில்லை; பாடிய குரல்கூட இன்னொருவரின் உடைமையாகக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

அடிமையாக வாழ்ந்து தப்பி வந்தவரான வில்லியம் வெல்ஸ் பிரவுன், 1880இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விரவுகளைப் பதிவு செய்துள்ளார். 1936 முதல் 1938 வரை அரசுத் திட்டமொன்றின் கீழ், முன்னாள் அடிமைகளாக இருந்த முதியோரின் நினைவுகள் எழுதி எடுக்கப்பட்டபோது, பலர் மட்டை உரிக்கும் இரவைப் பற்றிப் பேசினர். விருந்தையும் ஆடலையும் அவர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தனர். ஆண்டில் ஓரிரவே அப்படி இருந்தது என்பதும் அந்நினைவில் அடங்கியிருந்தது. அடிமைகளின் பாட்டைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தனர் என்று முடிவுகட்டுவது பெரும் பிழை என்று, அடிமை வாழ்வினின்று மீண்ட பிரெடரிக் டக்ளஸ் 1845இலேயே எழுதிவிட்டார். மட்டை உரிப்போரைப் பாடிய விட்டியரும் அடிமைமுறையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் என்பது இங்கு நினைக்கத் தக்கது. ஒரே கதிருக்கு ஒரு பக்கம் முத்தமும் மறுபக்கம் விலங்கும் இருந்ததை அக்காலத்துக் கவிஞர் அறியாதவரல்லர்.

பலகையில் விழும் ஓசை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுமேற்குப் புல்வெளிகள் உழப்பட்டு வயல்களாயின. வயல் பெருகியபின் கதிரைக் குவித்து விருந்து வைத்து உரிப்பது இயலாததாயிற்று. நிற்கும் பயிரிலேயே மட்டையை உரித்துக் கதிரை ஒடித்து வண்டியில் எறியும் முறை நிலைபெற்றது. வண்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் உயரமான பலகை அடைக்கப்பட்டிருக்கும். உழவன் வண்டிக்கு மறுபக்கம் நடந்தபடி கதிரை எறிவான். அது பலகையில் மோதி வண்டிக்குள் விழும். குதிரைகளுக்குக் கடிவாளம் பிடிக்க ஆள் தேவையில்லை. ஒரு குரலில் நகரவும் ஒரு குரலில் நிற்கவும் அவை பழக்கப்பட்டிருந்தன.

கையுறைமேல் தோல்வாரால் கட்டிய சிறு இரும்புக் கொக்கியே உழவனின் கருவி. இடக்கை கதிரைப் பற்ற, வலக்கைக் கொக்கி மட்டையைக் குறுக்கே கிழிக்க, மணிக்கட்டைத் திருப்பியதும் கதிர் ஒடிந்து கைக்கு வரும். அது பறந்துகொண்டிருக்கும்போதே அடுத்த கதிரைக் கை பற்றியிருக்கும். விடியுமுன் வயலுக்குச் சென்று, பலகையில் முதல் கதிர் விழும் ஓசையால் அண்டை வீட்டாரை எழுப்புவது இளைஞர்க்குப் பெருமையாக இருந்தது. ஒரு நாளில் 100 புஷல் உரிப்பவன் ஊரறிந்த ஆள். கதிரோடு கூடிய மக்காச்சோளத்தில் ஒரு புஷல் என்பது 70 பவுண்டு எடை. ஆகவே 100 புஷல் ஏறத்தாழ 3,175 கிலோவாகும். அவ்வளவும் ஒவ்வொரு கதிராகக் கையால் தூக்கி எறியப்பட்டது.

அக்டோபரில் தொடங்கும் இவ்வேலை, பனி பெய்யும் நாள்வரை நீளும். விடியற்காலையில் மட்டைமேல் உறைபனி படிந்திருக்கும். சூரியன் ஏறியதும் அது உருகிக் கையுறையை நனைக்கும். விரல் இடுக்குகள் வெடிக்கும்; மணிக்கட்டு வீங்கும். புஷலுக்குச் சில காசு என்ற கூலியை நம்பி ஊர்விட்டு ஊர் சென்று உரித்தவர் பலர். வீட்டு ஆண்களோடு பெண்களும் சிறுவரும் வயலில் நின்றனர். நெப்ராஸ்கா மாநிலம் 1945இல் 'மட்டை உரிப்போர் மாநிலம்' என்பதையே தன் அதிகாரபூர்வமான சிறப்புப் பெயராக ஏற்றுக்கொண்டதிலிருந்து, அவ்வேலை ஒரு மக்களின் அடையாளமாகவே ஆகியிருந்தமை விளங்கும்.

அயோவாவில் குடும்ப உழவர் இதழொன்றை நடத்திவந்த ஹென்றி வாலஸ், இவ்வேலையில் யார் சிறந்தவர் எனக் காணும் போட்டியை 1922இல் தொடங்கிவைத்தார். 1924இல் அது தேசியப் போட்டியாயிற்று. போட்டி நேரம் 80 நிமிடம். வயலில் விட்டுப்போன கதிருக்கும், உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மட்டைக்கும் எடையில் கழிவு உண்டு; விரைவோடு தூய்மையும் வேண்டும் என்பதே விதி. அயோவாவின் ஃபிரெட் ஸ்டானெக் நான்கு முறை வாகை சூடினார். 1936இல் ஒகையோ மாநிலத்தில் நடந்த போட்டியைக் காண ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வயலில் திரண்டனர்; வானொலி அதனை நாடெங்கும் ஒலிபரப்பியது. 1940இல் அயோவாவின் டேவன்போர்ட்டில் நடந்த போட்டியில் இல்லினாய்ஸைச் சேர்ந்த இர்வின் பாமன் 46 புஷலுக்கும் மேல் உரித்து வென்றார். ஏறத்தாழ நொடிக்கு ஒரு கதிர் என்ற விரைவு அது.

அழகா, விளைவா?

இப்போட்டியைத் தொடங்கிய வாலஸே, போட்டியிட்ட கைகளுக்கு வேலையில்லாமற் செய்தவர்களுள் முதல்வர் என்பது இவ்வரலாற்றின் வியப்பான திருப்பம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுமேற்கெங்கும் கதிர்க் கண்காட்சிகள் நடந்தன. நேரான வரிசை, ஒத்த பருமன், நுனிவரை நிறைந்த மணி ஆகியவற்றைப் பார்த்து நடுவர் பரிசளிப்பர். அழகிய கதிரே நல்ல விதை என்பது அனைவரின் நம்பிக்கை. பதினாறு வயதுச் சிறுவனாக இருந்த வாலஸ், பரிசு பெற்ற கதிர்களையும் பின்தள்ளப்பட்ட கதிர்களையும் தனித்தனி வரிசையாக ஊன்றி, விளைவை எடைபோட்டுப் பார்த்தார். கண்ணுக்கு அழகான கதிர் மிகுதியாக விளையவில்லை. அழகுக்கும் விளைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இந்த ஐயத்தைப் பின்தொடர்ந்து சென்ற அவர், 1926இல் வீரிய ஒட்டு விதை விற்கும் நிறுவனமொன்றைத் தொடங்கினார். 1933 முதல் நாட்டின் வேளாண்துறைச் செயலராகவும், 1941 முதல் 1945 வரை துணைக் குடியரசுத் தலைவராகவும் அவர் விளங்கினார்.

ஒட்டு விதையின் பயன் விளைச்சல் மட்டுமன்று. அதன் தட்டைகள் உறுதியாக, ஒரே உயரத்தில், சாயாமல் நின்றன. பழைய நாட்டு வகைகளில் சாய்ந்த தட்டையையும் தரையில் கிடக்கும் கதிரையும் மனிதக் கை தேடி எடுக்கும். பொறியால் அது முடியாது. பயிர் பொறிக்கேற்ப நிமிர்ந்து நின்ற பின்னரே பொறி வயலில் வெற்றி கண்டது. விளைச்சல் பெருகியது மற்றொரு காரணம். 1930களுக்கு முன் ஏக்கருக்கு 30 புஷலுக்கும் குறைவாக இருந்த நாட்டுச் சராசரி, 2020களில் 170 புஷலுக்கும் மேல். அவ்வளவு கதிரைக் கையால் உரிக்க எந்த ஊரிலும் ஆள் இல்லை.

ஆனால் இம்மாற்றத்தில் ஒன்று ஓசையின்றி நழுவிற்று. கையால் உரித்த காலத்தில் உழவர் பலர் வண்டியின் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியை மாட்டியிருந்தனர். உரிக்கும்போது கண்ணில் படும் நல்ல கதிரை வண்டிக்குள் எறியாமல் அப்பெட்டியில் இடுவர். மறு ஆண்டு விதை அதுவே. குளிர்கால இரவுகளில் அக்கதிர்களின் நுனியிலும் அடியிலும் உள்ள ஒழுங்கற்ற மணிகளை உதிர்த்து நீக்கி, நடுமணிகளை மட்டும் விதைக்குச் சேர்ப்பர். ஒட்டு விதையின் இரண்டாம் தலைமுறை வீரியம் குன்றும். ஆதலால் ஆண்டுதோறும் விதையை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. பெட்டி வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. மெக்சிகோப் பள்ளத்தாக்கில் தொடங்கிய தேர்வு உழவன் கையிலிருந்து ஆய்வுப் பண்ணைக்கு மாறியது. வாலஸ் செய்த சோதனை உண்மையே. அழகை நம்பிய கண் பலமுறை தவறியதும் உண்மையே. எனினும் ஒவ்வொரு கதிரையும் பார்த்து நிறுத்து முடிவுசெய்யும் பொறுப்பு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது என்பதும் பொய்யன்று.

விடாப்பிடி உருளைகள்

கதிர் பறிக்கும் பொறிக்கு முதல் உரிமம் 1850இலேயே பெறப்பட்டது. ஆயினும் வயலில் பயன்படத்தக்க பொறி வர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. குதிரைகள் இழுத்த தொடக்ககாலப் பொறிகளுக்குத் தரைச் சக்கரத்தின் சுழற்சியே ஆற்றல்; ஈரமண்ணில் சக்கரம் வழுக்கினால் பொறி நின்றுவிடும். டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை ஒரு தண்டின் வழியே பின்னால் வரும் கருவிக்கு நேரே செலுத்தும் அமைப்பை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1918இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கதிர் பறிக்கும் பொறிக்கு உயிர் கொடுத்தது அத்தண்டே எனலாம்.

பொறி இயங்கும் முறை எளியது. முன்னே நீண்ட கூம்பு மூக்குகள் இரண்டும் பயிர் வரிசையின் இருபக்கமும் தரையை ஒட்டிச் செல்லும். பற்சங்கிலிகள் தட்டைகளைப் பின்னே செலுத்தும். ஒன்றையொன்று நோக்கிச் சுழலும் இரு நீண்ட உருளைகள் தட்டையைப் பற்றிக் கீழ்நோக்கி இழுக்கும். மெல்லிய தட்டை உருளைகளுக்கிடையே புகுந்து செல்லும். பருத்த கதிர் புகமுடியாமல் ஒடிந்து மேலே நிற்கும். அங்கிருந்து வேறு உருளைகள் மீது சென்று மட்டை பிடுங்கப்பட்டு, ஏற்றுச் சங்கிலி வழியாகப் பின்வரும் வண்டியில் விழும். 1939 முதல் 1952 வரை உருவான ஃபார்மால் எம் போன்ற டிராக்டர்களின் இருபுறமும் பொருத்தும் இருவரிசைப் பொறிகள், போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நடுமேற்கெங்கும் காணப்பட்டன. இரண்டாம் உலகப்போர் இளைஞரைக் களத்துக்கு அழைத்ததால் ஆட்பஞ்சம் ஏற்பட, பொறியின் தேவை பெருகியது. தேசிய உரிப்புப் போட்டி 1941இல் நின்றது.

தட்டையைத் தவறாமல் பற்றுவதே உருளையின் சிறப்பு. அதுவே அதன் கொடுமையும் ஆயிற்று. ஈரமான தட்டையோ களையோ உருளைகளுக்கிடையே அடைபட்டால் பொறி திணறும். ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்தி இறங்கி அகற்றி மீண்டும் இயக்குவதற்குப் பொழுதில்லை. மேகம் திரள்கிறது, இருட்டுகிறது, இன்னும் நான்கு வரிசை இருக்கின்றன. உழவன் பொறியை ஓடவிட்டபடியே இறங்கி, அடைத்த தட்டையைக் கையால் பிடித்து இழுப்பான். அடைப்பு விடுபட்ட அக்கணமே உருளைகள் தட்டையை உள்ளிழுக்கும். பிடித்த கை விடுவதற்குள் விரல்கள் போய்விடும். கையுறையும் சட்டைக் கையும் அந்தப் பிடிக்குத் துணைபோகும். 1940களிலும் 1950களிலும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் நடுமேற்கு மருத்துவமனைகளுக்கு இக்காயங்களோடு உழவர் வந்தனர். மருத்துவ ஏடுகளில் இது தனிப்பொருளாகவே பேசப்பட்டது. அங்குள்ள சிற்றூர்களில் விரலற்ற கையைக் கண்டால், எப்படி நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கதிருக்கும் கைக்கும் இருந்த பழைய உறவை முறித்த பொறி, முறிக்கும்போது கையையே விலையாகக் கேட்டது. இதைச் சொல்லாமல் பழம்பொறிகளின் அழகை மட்டும் பேசுவது, குவியலின் உச்சியில் நின்று பாடியவனின் குரலை மட்டும் புகழ்ந்து, அவன் காலில் இருந்த விலங்கைப் பேசாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

குதிரும் உதிர்பொறியும்

பறித்த கதிர் நேரே விற்பனைக்குப் போகாது. ஈரம் காய வேண்டும். அதற்கென எழுந்ததே நடுமேற்குப் பண்ணைகளின் கதிர்க்குதிர். தமிழகத்துக் குதிர் காற்றுப் புகாமல் மூடியது. இதுவோ காற்று புகுவதற்கென்றே கட்டப்பட்டது. பலகைகளை இடைவெளிவிட்டு அடித்து, அகலத்தைக் குறுக்கி, நீளத்தை நீட்டிக் கட்டுவர். மழைநீர் உள்ளே வழியாதிருக்கச் சுவர்களை மேலே விரிந்தும் கீழே குறுகியும் சாய்த்துக் கட்டுவதும் உண்டு. இரு குதிர்களுக்கிடையே வண்டி செல்ல வழிவிட்டு, மேலே ஒரே கூரை போட்டால் பெரும் பண்ணைக்குரிய இரட்டைக் குதிராகும். குளிர்காலம் முழுவதும் பலகை இடுக்குகளின் வழியே மஞ்சள் நிறம் தெரியும். ஒரு வீட்டின் செல்வத்தைச் சாலையில் போவோர் இடுக்குவழியே எண்ணிவிடலாம்.

மணி உதிர்ப்பது அடுத்த வேலை. ஆதியில் மண்வெட்டியின் விளிம்பிலோ ஒரு கதிரை மற்றொரு கதிரோடு தேய்த்தோ உதிர்த்தனர். 1839இல் கனெக்டிகட்டின் லெஸ்டர் டெனிசன் கையால் சுழற்றும் உதிர்பொறிக்கு உரிமம் பெற்றார். பின்னர் பற்கள் கொண்ட இரும்புச் சக்கரமும், கதிரை அதன்மேல் அழுத்தும் வில்லும் உடைய சிறு பொறிகள் வீடுதோறும் வந்தன. டென்னசி மாநிலத்துக் கிளார்க்ஸ்வில்லில் வார்க்கப்பட்ட 'பிளாக் ஹாக்' என்னும் உதிர்பொறி அவற்றுள் பெயர்பெற்றது. கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே வாயில் ஒரு கதிரை இட்டால், அது கடகடவெனச் சுழன்று இறங்கும். மணிகள் கீழே கூடையில் விழ, வெறும் சக்கை பக்கவாட்டில் துள்ளி வெளியே வரும். மாலைதோறும் கோழிகளுக்கும் குதிரைகளுக்கும் வேண்டிய மணியை உதிர்ப்பது சிறுவர் பொறுப்பு.

விற்பனைக்குரிய பெருவேலைக்கு வேறு பொறிகள் இருந்தன. இல்லினாய்ஸின் சாண்ட்விச் என்னும் ஊரில் அகஸ்டஸ் ஆடம்ஸ் தொடங்கிய தொழிலகம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பல கதிர்களை ஒருங்கே உதிர்க்கும் பொறிகளைச் செய்தது. பின்னாளில் கம்பிக்கூட்டுக்குள் பல்லுருளை சுழலும் பெரும் பொறிகளை லாரியின்மேல் ஏற்றிக்கொண்டு, பண்ணை பண்ணையாகச் சென்று கூலிக்கு உதிர்க்கும் குழுக்கள் தோன்றின. குதிரின் அடிப்பலகைகளைத் திறந்து, இழுவைச் சங்கிலியை உள்ளே நுழைத்ததும் கதிர்கள் ஆறாகப் பொறிக்குள் போகும். ஒரு குழாயில் மணி, ஒரு குழாயில் சக்கை, ஒரு பக்கம் தூசும் மட்டையும் காற்றில் பறக்கும். அண்டை வீட்டார் உதவிக்கு வருவர். வீட்டுப் பெண்கள் பத்துப் பதினைந்து பேருக்குச் சமைப்பர். குதிர் காலியாகும்போது அடியில் ஒளிந்திருந்த எலிகள் கூட்டமாக ஓடிவரும். காற்சட்டைக்குள் அவை ஏறாதிருக்க ஆட்கள் கணுக்காலில் கயிறு கட்டிக்கொள்வர். நாய்களுக்கு அன்று திருவிழா.

70 பவுண்டு கதிரை உதிர்த்தால் 56 பவுண்டு மணி கிடைக்கும் என்பது வணிகக் கணக்கு. எஞ்சிய 14 பவுண்டும் வீணாகவில்லை. உலர்ந்த சக்கை அடுப்பில் சட்டெனப் பற்றும். மரம் அரிதான புல்வெளியில் அதுவே விறகு. மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்னும் சிற்றூரில் ஹென்றி டிப்பே 1869இல் சக்கையைக் குடைந்து புகைக்குழாய் செய்யத் தொடங்கினார். அத்தொழில் இன்றும் அவ்வூரில் உயிரோடு இருக்கிறது. உரித்த மட்டை மெத்தைக்கு அடைப்பாயிற்று. கதிர் முழுதாக வீடு வந்து சேர்ந்தவரை, அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் வீட்டில் ஓர் இடம் இருந்தது.

மீண்டும் ஓடும் பொறிகள்

1954இல் ஜான் டியர் நிறுவனம், தானியம் அறுத்துப் பிரிக்கும் கம்பைன் பொறியின் முன்னே பொருத்தத்தக்க மக்காச்சோள முகப்பை அறிமுகம் செய்தது. பறித்தல், உரித்தல், உதிர்த்தல் ஆகிய மூன்றும் வயலிலேயே ஒரே ஓட்டத்தில் முடிந்தன. சக்கையும் மட்டையும் மண்ணிலேயே விழுந்தன. ஈரமணியை வெப்பக்காற்றால் உலர்த்தி உருக்குக் களஞ்சியத்தில் நிரப்பினர். காற்றுக்காகக் கட்டிய குதிருக்கு வேலையில்லாமற் போயிற்று. பல குதிர்கள் சாய்ந்தன. சில, வண்டிகள் நிறுத்தும் கொட்டகைகளாயின. இன்று ஓட்டுநர் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான புஷல் அறுக்கிறார். விரல் இழக்கும் இடர் பெரிதும் குறைந்தது. நனைந்த கையுறையும் இல்லை, வெடித்த விரலும் இல்லை. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் கையில் அந்த ஆண்டு ஒரு கதிரேனும் தவழ்ந்திராமல் இருக்கக்கூடும்.

பழம்பொறிகளைப் பழுதுநீக்கி ஓட்டிக்காட்டும் கூட்டங்கள் இந்நிலையில் எழுந்தன. அயோவாவின் மவுண்ட் பிளசன்ட்டில் 1950இல் தொடங்கிய பழைய கதிரடிப்போர் சந்திப்பு அவற்றுள் ஒன்று. இல்லினாய்ஸின் ரன்டூலில் 2003 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்துவரும் 'அரை நூற்றாண்டு முன்னேற்றம்' என்னும் காட்சியில், நிற்கும் பயிரைப் பழைய பொறிகளே பறித்து உதிர்க்கின்றன. நின்றுபோன கையுரிப்புப் போட்டியும் பிற்காலத்தில் உயிர்பெற்று ஆண்டுதோறும் நடைபெறுகிறது. கொக்கி கட்டிய கைகள் மீண்டும் கதிரை எறிகின்றன. பலகை மீண்டும் ஒலிக்கிறது. அங்கு வருவோர் பலர் சிறுவயதில் தந்தையின் பக்கத்தில் டிராக்டர்மேல் அமர்ந்து சென்றவர்கள். அவர்களைத் திரும்ப அழைப்பது அவ்வோசையே.

இக்கூட்டங்களைப் பழமைப்பற்று என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. அங்கு ஓடும் பொறியருகே உருளையில் கைவைக்காதே என்னும் எச்சரிக்கை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. பழைய பொறியில் அடைப்பு ஏற்பட்டால் முதலில் எஞ்சினை நிறுத்துகிறார்கள். சுழல்தண்டு முற்றிலும் ஓய்ந்தபின்னரே கை உள்ளே போகிறது. அச்சில நிமிடங்கள் பார்வையாளர் காத்திருக்கின்றனர். அன்று வயலில் எவர்க்கும் கிடைக்காத அவகாசம் அது. தந்தையர் இழந்த விரல்களுக்கு மைந்தர் செலுத்தும் கடனாக அந்தக் காத்திருப்பைக் கொள்ளலாம்.

உழைப்பைப் பாடுவது கவிஞர்க்கு எந்நாட்டிலும் இயல்பு. மக்காச்சோளத்தின் வரலாறு அவர்முன் வைப்பது ஒரு கையையன்று. சிவப்புக் கதிரைத் தூக்கிக் காட்டிய இளைஞனின் கை ஒன்று. தனக்கு உரிமையில்லாத குவியலைப் பாடிக்கொண்டே உரித்த அடிமையின் கை ஒன்று. இருட்டுமுன் வரிசையை முடிக்க விரும்பி உருளையிடம் சென்ற உழவனின் கை மற்றொன்று. இவற்றுள் முதலதை மட்டும் பாடினால் பாட்டு இனிக்கும். மற்றிரண்டையும் சேர்த்துப் பாடினாலே அது அந்த வயலின் பாட்டாகும். பழங்காட்சியில் ஒரு சிறுவன் இரும்பு உதிர்பொறியின் வாயில் ஒரு கதிரை இடுகிறான். முதியவர் ஒருவர் கைப்பிடியைச் சுழற்றுகிறார். மணிகள் கூடையில் விழுகின்றன. சக்கை துள்ளிக் காலடியில் விழுகிறது. சிறுவன் குனிந்து சக்கையை எடுத்துப் பார்க்கிறான். மணிகள் இருந்த குழிகள் அதில் வரிசை வரிசையாகத் தெரிகின்றன.